கம்பத்தின் உச்சியில் ஒரு தகடு

மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்றால் பட்டம். காற்றில் பறக்கவிடும் பட்டம். எங்கள் ஊரின் பெயரும் அதுதான். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து கூலாய்க்குப் போகும் இரயில் பாதையோரம், ரெங்கத்தைத் தாண்டினால் வரும் சிறிய ஊர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்.

தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் என் தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்ததாம். இரவில் சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிப்பதற்காக, இழுத்து நீட்டும் ஏரியலின் நுனியில் ஒரு மைலோ டின் மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார் என்று அம்மா சொல்வார். மூடியைக் கழற்றினால் பாட்டு மங்கிவிடுமாம். அது தாத்தாவின் மன திருப்திக்காக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன பருவத்தில் ஒரு விரிவுரையில் ஆசிரியர் வெண்பலகையில் குட்டையான ஏரியல் ஒன்றை வரைந்தார். அதில் மின்னோட்டம் எப்படி ஓடுகிறது என்று காட்டினார். பிறகு நுனியில் ஒரு தட்டை வரைந்து, இப்போது என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கு மைலோ மூடிதான் தெரிந்தது.

அந்தத் தட்டைப் பற்றித் தேடிப் படிக்கப் போய், 1895-ஆம் ஆண்டின் கல்கத்தாவில் வந்து நின்றேன். அங்கே 20 அடி உயரக் கம்பம் ஒன்றின் உச்சியில் வட்டமான உலோகத் தகட்டைப் பொருத்தி வைத்திருந்தார் ஓர் இயற்பியல் பேராசிரியர். அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

நம்மில் பலருக்கு அவர் செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர். இன்னும் சிலருக்கு, மார்க்கோனியிடம் வானொலியைப் பறிகொடுத்தவர். இந்த இரண்டாவது கதை ஆண்டுக்கு இரண்டு முறையாவது எங்கள் குடும்பப் புலனக் குழுவில் வந்துவிடும். நானும் அதை நம்பிப் பிறருக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது அந்தக் கதை எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. காரணம், அந்தத் தகடு.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் பிரிட்டிஷ் அரசில் துணை மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதுதான் வழக்கம். இவரோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் தந்தையின் பணியாளர் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினக் கதைகள்தாம் தமக்கு இயற்கையின் மேல் ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவர் ஒரு முன்னாள் கொள்ளைக்காரர். தண்டனை கொடுத்த மாஜிஸ்திரேட்டிடமே விடுதலையான பிறகு வேலை கேட்டு வந்தவர் அவர். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது முதல் சில மாதங்கள் வாயைத் திறக்கவே தயங்கியவன் நான். அதனால் போஸின் வாழ்க்கையில் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கே இயற்பியல் கற்பித்த லஃபோன் என்ற பாதிரியார், சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்துபவர். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போன போஸை நோய் படுத்தியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் ரேலி பிரபு. வானம் ஏன் நீலம் என்று விளக்கிய அதே ரேலிதான்.

1885-இல் நாடு திரும்பியவருக்கு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. அது எளிதாகக் கிடைக்கவில்லை. இந்தியர்களால் அறிவியலைச் சரியாகக் கற்பிக்க முடியாது என்று நம்பிய அதிகாரிகள் இருந்த காலம் அது. அதே வேலைக்கு ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அதாவது மூன்றில் ஒரு பங்கு. அவர் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. 3 ஆண்டுகள் ஒரு காசு வாங்காமல் பாடம் நடத்தினார். குடும்பத்திலோ தந்தையின் கடன் இருந்தது. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. பதவியை நிரந்தரமாக்கி, விட்டுப்போன ஆண்டுகளுக்கும் சேர்த்து முழுச் சம்பளத்தைக் கொடுத்தது.

இதற்கு நடுவே 1887-இல் அபலா தாஸை மணந்தார். அபலா சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண் கல்விக்காகப் பெரும் பணி செய்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மின்காந்த அலைகளை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மனியின் ஹென்ரிச் ஹெர்ட்ஸ். ஆண்டு 1888. அவர் 1894-இன் முதல் நாள் 36 வயதில் இறந்துவிட்டார். அந்த ஆண்டில் ஆலிவர் லாட்ஜ் ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி எழுதியதைப் படித்த போஸ், தம்முடைய 36-ஆம் பிறந்தநாளில் இந்த ஆராய்ச்சியில் இறங்க முடிவு செய்தார். ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது 24 சதுர அடி இடம். ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும். உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகளின் நீளம் மீட்டர் கணக்கில் இருந்தது. மிகக் குறைந்தது 66 செண்டிமீட்டர். அலை பெரிது என்றால் கருவியும் பெரிதாக இருக்க வேண்டும். அலை பட்டகத்தில் வளைவதைக் காட்ட ஹெர்ட்ஸுக்கு அரை டன்னுக்கும் அதிகமான எடையில் கீலால் செய்த பட்டகம் தேவைப்பட்டது. 24 சதுர அடியில் அதை எங்கே வைப்பது? போஸ் அலையையே சுருக்கினார். சிறு உலோக உருண்டைகளுக்கு இடையே மின்பொறி பாயவைத்து, 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். அதன்பின் எல்லாக் கருவிகளும் மேசைமேல் அடங்கின. அலையின் அதிர்வுத் திசையைப் பிரிக்க, இரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையே ஈயத்தாளைச் செருகிப் பயன்படுத்தினார். அந்தத் திசையைத் திருப்ப, முறுக்கிய சணல் கட்டு. அலையைத் திரட்ட, புனல் வடிவத்தில் ஓர் உலோகக் குழாய். நுண்ணலைப் பொறியியலில் இன்று ஹார்ன் ஆண்டெனா என்று படிக்கிறோமே, அதுதான்.

கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் அவர் செய்துகாட்டிய சோதனை 1895-இல் நடந்தது. ஓர் அறையிலிருந்து எழுப்பிய அலை, சுவர்களைக் கடந்து, நடுவில் இருந்த துணைநிலை ஆளுநரின் உடலையும் கடந்து, ஏறத்தாழ 75 அடி தூரத்தில் மணியை அடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. அவ்வளவு சிறிய கருவியால் இது எப்படி முடிந்தது? போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920-இல் எழுதிய பேட்ரிக் கெடெஸ் தரும் விவரம் இங்கேதான் முக்கியமாகிறது. அனுப்பும் கருவியோடு 20 அடிக் கம்பம் ஒன்றை இணைத்து, அதன் உச்சியில் வட்டத் தகட்டைப் பொருத்தினார். வாங்கும் பக்கத்திலும் அதேபோல் ஒன்று.

கம்பம் சரி, உயரம் வேண்டும். தகடு எதற்கு?

ஏரியலில் இருந்து அலை கிளம்புவது, அதில் மேலும் கீழுமாக ஓடும் மின்னோட்டத்தால்தான். பள்ளி மணி அடித்ததும் மாணவர்கள் ஒரு நீண்ட நடைபாதையில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதையின் மறுகோடியில் சுவர் இருந்தால், கடைசி மாணவர் சுவரை ஒட்டி நின்றுவிடுவார். அவருக்குப் பின்னால் வருபவர் சற்று முன்பே நிற்பார். நுழைவாயிலில் நல்ல ஓட்டம், கோடியில் ஓட்டமே இல்லை. குட்டையான கம்பத்திலும் இதுதான் நடக்கிறது. அடியில் ஓடும் மின்னோட்டம் மேலே போகப் போகக் குறைந்து, நுனியில் சுழியமாகிறது. சராசரி எடுத்தால் பாதிக் கம்பம்தான் வேலை செய்கிறது. இப்போது அந்தக் கோடியில் சுவருக்குப் பதில் ஒரு திடல் இருக்கட்டும். எல்லாரும் நடைபாதை முழுவதும் ஓடித் திடலில் பரவுவார்கள். தகடுதான் அந்தத் திடல். மின்னேற்றம் போய்த் தங்க இடம் இருப்பதால், மின்னோட்டம் குறையாமல் உச்சிவரை ஓடுகிறது.

இதனால் என்ன ஆதாயம் என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். இன்றைய மத்திய அலை வானொலியில் 300 மீட்டர் நீள அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 அடி, அதாவது ஏறத்தாழ 6 மீட்டர் கம்பம், அந்த அலையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஏரியல் எவ்வளவு ஆற்றலை அலையாக வெளியே அனுப்புகிறது என்பதை ஒரு மின்தடை அளவாகச் சொல்வார்கள். அதற்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர். நம் வெறும் கம்பத்துக்கு அது சுமார் 0.16 ஓம். ஆனால் கம்பியிலும் சுருளிலும் தரையிலும் வெப்பமாக வீணாகும் தடை ஒன்றும் உண்டு. அதை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே கொடுக்கும் 100 வாட்டில் ஒன்றரை வாட்தான் அலையாகப் போகும். மீதியெல்லாம் சூடு. உச்சியில் போதுமான அளவு பெரிய தகட்டை வைத்தால், அலையை எழுப்பும் மின்னோட்டத்தின் சராசரி இரண்டு மடங்காகிறது. கதிர்வீச்சுத் தடை அந்தச் சராசரியின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது நான்கு மடங்காகி 0.63 ஓம் ஆகிறது. அதே 100 வாட்டில் இப்போது கிட்டத்தட்ட 6 வாட் வெளியே போகும். கம்பத்தை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. தாத்தாவின் மூடி செய்த வேலையும் இதுவே; அவர் அனுப்பவில்லை, வாங்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கு 1895-இல் யாரிடமும் இந்த வடிவத்தில் இல்லை. போஸ் கையால் செய்து பார்த்துக் கண்டது அது.

அதே ஆண்டில் இத்தாலியில் 21 வயது மார்க்கோனியும் இதையே வேறு வடிவில் கண்டார். அவர் கம்பத்தின் மேல் வைத்தது தகரக் கனசதுரம். பக்கம் 30 செண்டிமீட்டர் உள்ள கனசதுரத்தை 2 மீட்டர் கம்பத்தில் வைத்தபோது சமிக்ஞை 30 மீட்டர் போனது. 4 மீட்டர் கம்பத்தில் 100 மீட்டர். 8 மீட்டர் கம்பத்தில் 400 மீட்டர். பிறகு கம்பத்தை அதே 8 மீட்டரில் விட்டுவிட்டு, கனசதுரத்தை மட்டும் ஒரு மீட்டர் பக்கமுள்ளதாக மாற்றினார். சமிக்ஞை 2,400 மீட்டர் போனது. 1909-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் மார்க்கோனியே இந்த எண்களைத் தந்திருக்கிறார். என்னைக் கேட்டால், படிவம் ஐந்து இயற்பியல் நூலில் இந்த நான்கு எண்களையாவது போட வேண்டும்.

போஸிடம் அடுத்த திட்டமும் இருந்தது. ஒரு கம்பத்தைப் பிரசிடென்சி கல்லூரியிலும், இன்னொன்றை ஒரு மைல் தொலைவில் தம் வீட்டுக் கூரையிலும் நிறுத்தி இரண்டுக்கும் இடையே சமிக்ஞை அனுப்புவது. அது நடக்கவில்லை. அதற்குள் 1896-இல் இங்கிலாந்துக்குப் பயணமாகிவிட்டார். அதே ஆண்டு மார்க்கோனியும் தம் கருவிகளோடு இங்கிலாந்துக்கு வந்திருந்தார். லண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது. மார்க்கோனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

இந்த இடத்தில்தான் புலனக் குழுவின் கதையோடு நான் மாறுபடுகிறேன். ஏரியல் அலையைவிட மிகச் சிறிதாக இருந்தால் ஆற்றல் வீணாகும். இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏரியலைப் பெரிதாக்குவது. மற்றது, அலையைச் சிறிதாக்குவது. 5 மில்லிமீட்டர் அலைக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் கம்பியே கால் அலைநீளம். அங்கே குட்டை ஏரியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. போஸ் முதல் வழியில் ஒரு கம்பத்தின் அளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டாவது வழிக்கே திரும்பினார். அலை எப்படி ஒளியைப் போல் நடந்துகொள்கிறது என்று அறிவதுதான் அவருடைய கேள்வி. மார்க்கோனியின் கேள்வி, எவ்வளவு தூரம் போகும் என்பது. சிறிய அலைகள் நேர்கோட்டில் போகும், சுவரிலும் இலைகளிலும் தேயும், கடல் வளைவைத் தாண்டா. நடுக்கடலில் மூழ்கும் கப்பல் உதவி கேட்க அவை பயன்பட்டிருக்காது. ஆகவே இருவரில் ஒருவர் திருடன், மற்றவர் ஏமாளி என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்காக மார்க்கோனிக்கு போஸிடம் கடனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய ஏரியல் வழியில் போன மார்க்கோனி, இங்கிலாந்தின் போல்டுவில் 20 கம்பங்களை வட்டமாக நட்டார். ஒவ்வொன்றும் 200 அடி. 1901 செப்டம்பரில் புயல் அத்தனையையும் சாய்த்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், நியூபவுண்ட்லாந்தில், கம்பம் நடவும் நேரமில்லை. 1901 டிசம்பர் 12-ஆம் நாள் கடுங்காற்றில் அவர் 500 அடிக் கம்பியை ஒரு பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். லாயாங் லாயாங்! அந்தக் கம்பியின் அடியில் இருந்தது, இத்தாலியக் கடற்படை வழியாக அவருக்குக் கிடைத்த பாதரச உணர்கருவி. இரும்பும் பாதரசமும் சேர்ந்த அத்தகைய கருவியோடு தொலைபேசிக் காதுகுழாயை இணைத்துப் பயன்படுத்தும் முறையை போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டிருந்தார். மார்க்கோனியின் கருவிக்கு மூலம் அதுவே என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். போஸின் பெயர் அன்று சொல்லப்படவில்லை.

போஸ் அதற்குக் காப்புரிமை கேட்டிருக்கலாம். 1901-இல் கம்பியில்லாத் தந்தி நிறுவனம் ஒன்று பணத்தோடு அவரைத் தேடி வந்தது. அறிவியலைப் பணமாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. தம் நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதித் தம் வெறுப்பைக் கொட்டினார். நண்பர்களின் வற்புறுத்தலால் ஒரே ஒரு கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தால் அலைகளை உணரும் கருவி அது. 1904 மார்ச் 29-இல் 755,840 என்ற எண்ணோடு காப்புரிமை வந்தது. குறைகடத்திக் கருவிகளின் வரலாறு அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். அதை வைத்து அவர் எதுவும் சம்பாதிக்கவில்லை. இது உயர்ந்த மனம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. அந்தப் பணம் இருந்திருந்தால், அவருக்குப் பின் வந்த மாணவர்களுக்கு 24 சதுர அடியைவிடப் பெரிய இடம் இன்னும் சீக்கிரமாகக் கிடைத்திருக்கும் அல்லவா?

1902-க்குள் அவர் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. அலைகளை உணரும் உலோகப் பொடி நெடுநேரம் வேலை செய்தால் களைப்படைவதுபோல் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். அங்கிருந்து தசைக்கும் செடிக்கும் போனார். வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியைச் செய்தார். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30-இல், தம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

மார்க்கோனி 1937 ஜூலை 20-இல் ரோமில் காலமானார். பிரிட்டனின் வானொலி நிலையங்கள் அவருக்காக 2 நிமிடம் மௌனமாயின. போஸ் அதே ஆண்டு நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார். 79 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது.

போஸ் விட்டுச்சென்ற மில்லிமீட்டர் அலைகளைப் பொறியாளர்கள் பெரிய அளவில் கையில் எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று 5ஜி-க்கு ஒதுக்கப்பட்ட 28 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போஸின் மேசைமேல் இருந்த அலைகளின் எல்லைக்குள்ளேயே அது வருகிறது. கால் அலைநீளம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால், ஒரு கைப்பேசிக்குள் பல ஏரியல்களை வரிசையாக அடுக்க முடிகிறது. அவருடைய உருண்டைகளும் புனலும் இரயில் அட்டவணையும் கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தாத்தாவின் வானொலி எங்கே போனது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. போன மாதம் குளுவாங்கில் பழைய சிற்றலை வானொலி ஒன்றை வாங்கி வந்தேன். மைலோ டின் வீட்டில் எப்போதும் இருக்கும்.